பதிமூன்றாவது மாதம்

வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று
ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.
போன் கம்பெனிக்காரன் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.
அவனுக்கு மாதம் இருபத்தெட்டு நாள்,
வருடத்துக்குப் பதிமூன்று.
எட்டு வருடமாய் அந்தப் பதிமூன்றாவது மாதத்துக்கும்
தவறாமல் கப்பம் கட்டியிருக்கிறோம்
அர்த்தநாரியும் நானும்.

சேகோ பேக்டரியில் கணக்கெழுதுகிறவள் நான்.
கிழங்கு லாரியில் நாலு கிலோ மண் வந்தாலும்
கழித்துவிட்டுத்தான் சீட்டுப் போடுவேன்.
மண் என் கைப்பையிலேயே இருந்திருக்கிறது.

அவர் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர்.
நாளைக்கு மூன்று நடை,
இருபது கொண்டை ஊசி ஏறி, இருபது இறங்கி.
அறுபதடிப் பாலத்துக்கு முன்பே சிக்னல் ஒற்றைக் கோடு,
அப்புறம் அதுவும் கிடையாது.
தினம் இரண்டு ஜிபி
அவர் காக்கிச் சட்டைப்பையில்
தொடப்படாமலே நள்ளிரவில் செத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
தட்டுவடை செட் தின்ற விரலைத் துடைத்துவிட்டு
காலண்டர் தாளின் முதுகில் போட்டேன்:
இரண்டு போனுக்கும் நெட்டை வெட்டினால்
தடவைக்கு இருநூற்று நாற்பது மிச்சம்.
பதிமூன்றால் பெருக்கு, மூவாயிரத்து நூற்றிருபது.
வருடச் செலவுக்கு இருபத்தைந்து மடங்கு கையில் இருந்தால்
வேலையை விடலாம் என்பது எங்கள் கணக்கு.
அப்படியானால்
எழுபத்தெட்டாயிரத்தை நாங்கள் சேர்க்கவே வேண்டாம்.
மாதம் பதிமூன்றாயிரம் சேர்க்கிறோம்.
ஆறு மாதம்.
திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.
ஆறு மாதம்தான்.

"நாற்பத்தெட்டில் இல்லை, நாற்பத்தேழரையில் இறங்கிடலாம்"
என்றேன்.
வலது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்
"ஸ்டாப்பிங் வரட்டும்" என்றார்.

கன்னங்குறிச்சியில் செய்தி பரவியது.
நெட் இல்லாத வீடு.
நாத்தனார் செவ்வந்தி கல்யாணப் பத்திரிகையைப்
போனில் அனுப்பிவிட்டு, பார்க்கவில்லை என்று கோபித்து,
கடைசியில் பஸ் ஏறி வந்து கையில் கொடுத்தாள்.
கூடவே அரைக்கிலோ அல்வா.
அதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

முதல் வாரம் அவர் விரல்
ஒன்றுமில்லாத திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது,
சொறிகிற மாதிரி.
இரண்டாம் வாரம் ராத்திரி எட்டே முக்காலுக்கு
மேலே இருந்து போன்.
பதறி எடுத்தேன்.
"ஒண்ணுமில்ல. வண்டி எடுக்க கால் மணி இருக்கு.
பேசறது அளவில்லாமன்னு போட்டிருக்கே,
காசு குடுத்தத வீணாக்குவானேன்."

பதினேழு வருடக் கல்யாணத்தில்
அளவில்லாமல் பேச எங்களிடம் என்ன இருந்தது?
ஏரியில் பனி இறங்கியதைச் சொன்னார்.
லேடீஸ் சீட்டில் பலாப்பழம் ஏற்றிய ஆளைச் சொன்னார்.
நான் கிழங்கு விலை சொன்னேன்.
மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாள்
விலையைத் தவிர வேறு ஏதோ சொன்னேன்.

நேற்று கடைசி வண்டி, ஏழே டிக்கெட்.
வண்டி கிளம்பியும் அவர் வைக்கவில்லை.
நடுவில் ஒரு விசில், "ரைட்",
பிறகு காதோரம் மூச்சு.
கேட்டுவிட்டேன்:
"நாற்பத்தேழரைக்கு அப்புறம் காலையில எழுந்து
என்ன பண்ணுவீங்க?"

எஞ்சின் இரண்டாம் கியரில் முனகியது.
யாரோ சில்லறை கேட்டார்கள்.
"ம்..." என்றார்.
கொண்டை ஊசி வந்துவிட்டது.
கோடு அறுந்தது.

வீட்டுக்கு வந்து அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன்.
கணக்கு நோட்டில்
எழுபத்தெட்டாயிரத்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
ம்.